விளக்கைப் பார்க்கப் பழகுவோம்

திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தில் மாலைப் பூசையின்போது, திரை விலகி, மணியோசை எழுந்து, தீபம் மேலுயரும் அந்தச் சில கணங்களில், அதற்காகவே மலையேறி வந்து கூப்பிய கையுடன் நிற்கும் அடியவர்களிற் பலர் கண்களை இறுக மூடிக்கொண்டு தத்தம் வேண்டுதல்களை முணுமுணுக்கத் தொடங்கிவிடுகின்றனர். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களிலோ, வாசலைக் கூட்டிக் கோலமிட்டு நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து நெடுநேரம் காத்திருந்தவர்களே, சுவாமி தம் வீட்டெதிரே எழுந்தருளும் வேளையில் கைத்தொலைபேசியை உயர்த்தி, அதன் சிறிய திரைக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்கின்றனர். இவ்விரு செயல்களிலும் பக்தி இல்லையென்று சொல்ல நான் துணியேன். ஆயினும், காட்டப்பட்ட ஒளியை நம் கண் கண்டதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. கண்டும் காணாத இந்தப் பழக்கம் ஆலயத்தோடு நில்லாமல், படிக்கும் புத்தகத்தையும், எதிரே அமர்ந்து பேசும் மனிதரையும், பெற்ற பிள்ளையின் முகத்தையும் அப்படியே அரைகுறையாகப் பார்க்கும் இயல்பாக நம்மிடம் வேரூன்றி வருகின்றது.

ஓரிடத்திற் கண்ணை நிறுத்தி, அதன் வழியே மனத்தையும் நிறுத்தப் பழகும் அப்பியாசத்துக்கு யோக சாஸ்திரங்கள் திராடகம் என்று பெயரிட்டிருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டளவில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்னும் ஆறு சுத்திக் கிரியைகளுள் இதனை ஒன்றாக வைத்து, நுண்ணியதோர் இலக்கைக் கண்ணீர் துளிர்க்கும் வரையிற் சலியாமல் நோக்குமாறு சுருக்கமாக விதிக்கின்றது. ஏனைய ஐந்தும் நீர், துணி, மூச்சு, வயிற்றுத் தசை என்பவற்றைக் கொண்டு உடலின் உள்வழிகளைத் துலக்குவன. இது ஒன்றே பார்வையைக் கருவியாகக் கொண்டு மனத்தின் வாயிலைத் தொடுவது. சித்தத்தை ஓரிடத்திற் பிணிப்பதைத் தாரணை என்றும், அப்பிணிப்பு இடையறாது ஒழுகுவதைத் தியானம் என்றும் பதஞ்சலி முனிவர் வகுத்தமையை நினைவிற் கொண்டால், உருவமற்ற பொருளை நினைக்கப் பழகாத ஆரம்ப சாதகனுக்கு, கண்முன்னே எரியும் சுடர் தாரணையின் முதற்படியாக அமைவது எவ்வளவு இயல்பானது என்பது விளங்கும்.

தமிழ் மரபுக்கும் இது அந்நியமானதன்று. பிரதீபிகைக்குப் பன்னூறாண்டுகள் முற்பட்ட திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்குமிடத்து, இரு கண்களின் நாட்டத்தையும் மூக்கின் நடுவே நிறுத்துவதால் வரும் அமைதியைப் பேசுகின்றார். அங்கே இலக்கு வெளியேயுள்ள சுடரன்று, தன் உடலின் ஒரு பகுதியே. எனினும் அலையும் கண்ணை ஓரிடத்திற் கட்டினால் அலையும் மனம் தானே கட்டுப்படும் என்ற அனுபவ உண்மை இரண்டிடத்தும் ஒன்றே.

இவ்வுண்மையைச் சைவர்கள் மட்டுமே கண்டார்கள் என்றும் எண்ணிவிடலாகாது. திருகோணமலை நகரிலிருந்து வடமேற்கே, பெரியகுளத்தை அண்டியுள்ள வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர் பெற்று, தமிழ்ப் பௌத்தர்களின் கொடையால் வளர்ந்த இடமாகும். அங்கே கிடைத்த தமிழ்ச் சாசனங்கள், நந்தா விளக்கு எரிப்பதற்கென விளக்கும் பொருளும் கால்நடைகளும் வழங்கப்பட்ட செய்தியை இன்றும் சொல்லி நிற்கின்றன. கோணேசர் மலையிலும் பெரும்பள்ளியிலும் வழிபட்டவர்கள் வெவ்வேறு நெறியினராயினும், அணையாத சுடர் ஒன்று சந்நிதியில் நிற்க வேண்டும் என்பதில் இருசாராரும் ஒருமனப்பட்டிருந்தனர்.

பௌத்த துறவிகள் அச்சுடரைத் தியானத்துக்கே நேரடியாகப் பயன்படுத்திய முறையை, 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம் வியக்கத்தக்க நுட்பத்தோடு விவரிக்கின்றது. கசிணம் எனப்படும் பத்து இலக்குகளுள் மண் கசிணத்துக்கு, விடியல் வானின் செந்நிறமுடைய மண்ணைக் கல்லும் வேரும் நீக்கிப் பிசைந்து, ஒரு சாணும் நாலு விரற்கடையும் அகலமுள்ள வட்டமாக வழித்து, அதிலிருந்து இரண்டரை முழத் தூரத்தில் அமர்ந்து நோக்க வேண்டும். கண்ணை மிகையாக விரித்தால் அது களைத்துப்போகும். மிகக் குறைவாகத் திறந்தால் வட்டம் தெளியாது, மனமும் மந்தமாகும். ஆதலால் கண்ணாடியில் முகம் பார்ப்பவனைப் போல மிதமாகத் திறந்து பார்க்க வேண்டும் என்று அந்நூல் அறிவுறுத்துகின்றது. தீக் கசிணத்துக்கோ, எரியும் நெருப்பின் முன்னே பாய் அல்லது தோலில் அதே அளவுள்ள துவாரமிட்டுத் தொங்கவிட்டு, கீழே எரியும் புல்லையும் விறகையும் மேலே எழும் புகையையும் கருதாமல், நடுவே செறிந்து நிற்கும் சுவாலையை மாத்திரம் நோக்க வேண்டும். கண்ணை மூடியபோதும் திறந்தபோதும் அவ்வுருவம் ஒரே தெளிவோடு உள்ளத்தில் தோன்றத் தொடங்கியதும், வெளியேயுள்ள வட்டத்தை விட்டெழுந்து, தன் இருப்பிடம் சென்று, உள்ளே தோன்றும் குறியையே தியானப் பொருளாகக் கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கொடுத்த வேலை, கண்ணின் துணையே வேண்டாத நிலைக்கு ஏறுவதற்கான ஏணியாகின்றது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைத்த நூல் அரிது.

நம் காலத்துக்கு அண்மையிலும் இவ்வித்தை இத்துறைமுக நகரத்தைத் தொட்டுச் சென்றிருக்கின்றது. பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் வைத்தியராகப் பணியாற்றி, பின் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936இல் நிறுவிய சுவாமி சிவானந்தர், கரும்புள்ளி, ஓங்கார எழுத்து, விளக்குச் சுடர் என்பவற்றை நோக்கும் திராடகத்தைத் தம் நூல்களில் எளிய நடையிற் போதித்தார். கொங்குநாட்டிற் பிறந்து, 1949இல் அவரிடம் சந்நியாசம் பெற்ற சுவாமி சச்சிதானந்தர், குருவின் ஆணைப்படி 1953இல் இலங்கைக்கு வந்து திருகோணமலையில் தம் பணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் இலட்சக்கணக்கான இளைஞர்முன் பேசிய அதே துறவி, 1986இல் வர்ஜீனியா மாநிலத்து யோகவில்லில் நிறுவிய ஆலயத்திலே விக்கிரகம் எதனையும் மூலஸ்தானத்தில் வைக்காது, நடுவே எழும் ஓர் ஒளியைப் பல கிரணங்களாகப் பிரித்து, உலகச் சமயங்களுக்குரிய பீடங்கள் ஒவ்வொன்றுக்கும் செல்லுமாறு அமைத்தார். கோணேசர் மலையும், விகாரையும், பள்ளிவாசலும், தேவாலயமும் ஒரே கடற்காற்றை வாங்கும் இவ்வூரில் தம் பணியைத் தொடங்கிய துறவி, எல்லோரும் ஒருங்கே நோக்கக்கூடிய பொருளாக ஒளியைத் தேர்ந்தமை எனக்கு மிகப் பொருத்தமாகவே தோன்றுகின்றது.

இவ்வளவு செழுமையான உரிமைச் சொத்து நம்மிடம் இருக்க, இன்று நம் கண்களின் கதி யாது? துறைமுக வீதியிலும், பேருந்துத் தரிப்பிடத்திலும், கடற்கரை மணலிலும் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள், உலகத்தின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று கண்ணெதிரே விரிந்து கிடக்க, உள்ளங்கையளவு திரையிலே ஒரு காட்சி முடியுமுன் மறு காட்சிக்கு விரலைத் தள்ளிக்கொண்டிருக்கின்றனர். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பெற்றோரும் ஆசிரியரும் அதே திரையின் முன்னேதான் குனிந்திருக்கின்றனர். கண்ணைப் பிடித்து வைத்திருப்பதையே வியாபாரமாகக் கொண்ட நிறுவனங்கள், எந்த நிறமும் எந்த அசைவும் எந்த ஒலியும் அதை மீண்டும் இழுக்கும் என்பதை ஆராய்ந்து கருவிகளைச் சமைக்கும் இக்காலத்தில், கண்ணைத் தன் விருப்பப்படி ஓரிடத்தில் நிறுத்தவும், தன் விருப்பப்படி அங்கிருந்து எடுக்கவும் வல்லவனே சுதந்திரன். அந்தச் சுதந்திரத்தைப் பயிற்றும் எளிய சாதனம் ஒன்று நம் பூசையறையிலேயே எரிந்துகொண்டிருக்கின்றது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

இதனைச் சொல்லும்போதே, திராடகத்தைச் சுற்றி வளர்ந்த மயக்கங்களையும் அகற்றியாக வேண்டும். சுடரை நோக்கியபின் கண்ணை மூடினால் நெற்றியின் நடுவே ஓர் ஒளிப்பொட்டு மிதப்பதையும், அது நிறம் மாறி மங்குவதையும் கண்டு, ஞானக்கண் திறந்துவிட்டதாக மகிழ்வோர் உளர். அது விழித்திரையின் ஒரு பகுதி நெடுநேரம் ஒளியை ஏற்றுக் களைத்ததால் எஞ்சும் பிம்பம். எவர் பார்த்தாலும் தோன்றும். ஒரே புள்ளியை நோக்கும்போது சுற்றியுள்ளவை கரைந்து மறைவதைத் துரோக்ஸ்லர் என்னும் சுவிட்சர்லாந்து வைத்தியர் 1804இலேயே குறித்துவைத்தார். கண்ணை ஓரிடத்தில் நிறுத்துவதால் மனம் ஒருவகை லயத்துக்குள் செல்வதை 1840களில் ஆராய்ந்த ஜேம்ஸ் பிரெய்டு என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், அதனை மாயவித்தைக்காரரின் கையிலிருந்து மீட்டு உடலியலின் எல்லைக்குள் கொண்டுவர முயன்றார். ஆகவே, இப்பயிற்சியிற் காணும் காட்சிகளில் அற்புதம் எதுவும் இல்லை. பயனோ அக்காட்சிகளில் இல்லை. சுடரை விட்டு மனம் நூறு முறை ஓடினாலும், ஓடியதை அறிந்து நூறு முறையும் சினமின்றி அதைத் திருப்பி அழைத்து வரும் அந்தப் பழக்கத்திலேதான் இருக்கின்றது.

கண்ணை அசையாமல் நிறுத்துவதென்பதையும் அளவோடு பொருள்கொள்ள வேண்டும். நாம் எவ்வளவு உறுதியாக நோக்கினாலும் விழி நுண்ணிய நடுக்கமாக அசைந்துகொண்டேயிருக்கும். விழியோடு சேர்ந்து பிம்பமும் நகருமாறு செய்து, அது விழித்திரையில் அசையாது விழும்படி 1950களில் விஞ்ஞானிகள் சோதித்தபோது, அப்பிம்பம் சில விநாடிகளிற் பார்வையிலிருந்தே மறைந்துபோயிற்று. அசைவை முற்றும் ஒழித்தால் காட்சியே இல்லை என்று உடலே விதித்திருக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு இமையோடு போராடுவது யோகமாகாது. இமைக்க வேண்டுமானால் மெல்ல இமைத்துவிட்டு மறுபடியும் பார்க்கலாம்.

செய்முறை மிக எளிது. மாலையிருட்டில், தேங்காயெண்ணெய் விட்ட சிறு விளக்கொன்றைக் கைநீட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால், கண்ணின் மட்டத்துக்கு ஒத்த உயரத்தில் வைத்து, கருகிய திரியை நுனி கிள்ளித் திருத்தி, முதுகு நிமிர அமர்தல் வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் நம்மூரிற் சுடர் நிற்பது கடினம். யன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, சுடர் நிமிர்ந்து நிற்கத் தொடங்கும்வரை பொறுத்திருப்பதே பயிற்சியின் முதற் பாடம். பின்னர்த் திரிநுனிக்குச் சற்று மேலே, சுடர் அதிகம் ஆடாத பகுதியில் கண்ணை வைக்க வேண்டும். சற்று நேரம் சென்றதும், அதுவரை மஞ்சளாக மட்டும் தெரிந்த சுடருக்கு அடியிலே நீலம், திரியைச் சூழ மங்கிய கருமை, மேலே பொன்னிறம், அதையும் சூழ்ந்து மெல்லிய பரிவேடம் என ஒவ்வொன்றாகத் துலங்கும். பிறந்தது முதல் நாள்தோறும் கண்ட விளக்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதாக உள்ளம் உணரும். ஒரு நிமிடம் போதும். கண்ணை மூடி, உள்ளே நிற்கும் உருவத்தைத் துரத்தாமல் கவனித்து, அது மறைந்ததும் மீண்டும் ஒருமுறை நோக்கி, இவ்வாறு மும்முறை செய்து எழுந்தால், பத்து நிமிடங்களுக்குள் எல்லாம் நிறைவுறும்.

எச்சரிக்கைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாது விடுவது பாவமாகும். கோணேசர் மலை கிழக்குக் கடலை நோக்கி நிற்பதால், விடியற்காலையில் அங்கு நின்று உதய சூரியனையே உற்றுநோக்கிச் சாதனை செய்ய விரும்புவோர் இருக்கலாம். சூரியனை நேரே நோக்குவது வலியின்றியே விழித்திரையைச் சுட்டு, மீளாத குறையை விளைவிக்கக்கூடும். அதை எவரும், எந்தக் குருவின் பேரிலும், செய்யலாகாது. கண்ணழுத்த நோய், விழித்திரை நோய், வலிப்பு, ஒற்றைத் தலைவலி உடையோர் வைத்தியரைக் கேளாமற் சுடர் நோக்கலாகாது. இக்கிரியை கண்நோய்களைத் தீர்க்கும் எனப் பிரதீபிகை கூறுவதை, அக்காலத்து நம்பிக்கையாகப் போற்றலாமேயன்றி, கண்ணாடியைக் கழற்றி எறிவதற்கோ சிகிச்சையை நிறுத்துவதற்கோ ஆதாரமாகக் கொள்ளலாகாது.

போரையும், 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் கடற்கோளையும் கண்ட கரை இது. தூங்கப்போகும் வேளையில் கண்ணை மூடினாலே பழைய காட்சிகள் எழுந்து நிற்கும் தாய்மார் இங்கே எத்தனையோ பேர். அவர்களை நோக்கிக் கண்ணை மூடித் தியானம் செய்யுங்கள் என்பது சில வேளைகளிற் கொடுமையான உபதேசமாகிவிடும். திறந்த கண்ணோடு, நிகழ்காலத்தில் எரியும் ஒரு சுடரைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் அன்பான ஒருவர் துணையிருக்கச் சற்று அமர்வது அத்தகையோருக்கு இதமளிக்கக்கூடும் என்பது என் எண்ணம். ஆயினும் அது மனநல வைத்தியரின் இடத்தை நிரப்பாது. துயரை விளக்கின் முன் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று போதிப்பவர்களை நான் ஏற்கவில்லை. அத்தாய்மாருக்குச் சமூகம் பட்டுள்ள கடன் விளக்கேற்றுவதோடு தீருவதன்று.

இனிச் செய்யத்தக்கவை யாவை? வீடுகளில், மாலை விளக்கேற்றியவுடன் தொலைக்காட்சிக்குத் திரும்பும் வழக்கத்தை விட்டு, சிறியோரும் பெரியோரும் இரண்டு நிமிடமேனும் அதன் முன் வாய்பேசாது அமரட்டும். பாடசாலைகளிலே, முதற்பாடம் தொடங்குமுன், வெள்ளைத் தாளில் இட்ட ஒரு கரும்புள்ளியை ஒரு நிமிடம் நோக்கி அமரும் பழக்கத்தை ஆசிரியர்கள் வற்புறுத்தலின்றி அறிமுகப்படுத்தலாம். கரும்புள்ளிக்குச் சமயம் இல்லையாதலால், மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள முஸ்லிம் மாணவரும், சேருவிலவில் உள்ள சிங்கள மாணவரும் தத்தம் நம்பிக்கைக்கு ஊறின்றி அதிற் சேர்ந்துகொள்ளலாம். சுவாமி விபுலாநந்தர் அதிபராக இருந்த இந்துக் கல்லூரியைத் தன்னகத்தே கொண்ட நகரம், கல்வியையும் அகத்தூய்மையையும் பிரித்தறியாத அப்பெரியாரின் வழியில் இம்முயற்சியைத் தொடங்கினால், பிற மாவட்டங்கள் பின்பற்றும்.

ஆலயங்களுக்கு என் விண்ணப்பம் இன்னும் சிறியது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்தார்கள். புதையுண்ட திருவுருவங்கள் சில 1950இல் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்டன. 1963இல் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது. அத்தனை தலைமுறைகளின் கண்ணீரைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்த தீபத்தை, குருக்கள் சற்றே நிதானமாக, மணியோசை தணிந்தபின் இன்னும் அரை நிமிடம் அசையாது ஏந்தி நிற்கட்டும். அடியவர்கள் கைத்தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, கண்ணைத் திறந்து அதை முழுமையாகப் பார்க்கட்டும். வேண்டுதல்களுக்கு அதன் பின்னும் நேரம் உண்டு. அரை நிமிடம் ஒரு சுடரை வேறெதையும் நாடாமற் பார்க்கப் பழகிய மனிதன், வீட்டுக்குத் திரும்பித் தன் மகன் பேசும்போது அவன் முகத்தைப் பார்த்துக் கேட்பானாயின், யோக நூலார் சொன்ன சித்திகள் எவையும் கைகூடாவிட்டாலும், அப்பியாசம் பலித்துவிட்டது என்றே நான் கொள்வேன்.